எட்டு விநாடி அவரை

இருபது கொண்டை ஊசி வளைவும்
என்னோடு ஏறி வருகிறது பென் டிரைவ்,
சாப்பாட்டுப் பையில், மோர்மிளகாய்ப் பொட்டலத்தை ஒட்டி.
சேலத்தில் வெயில்.
ஒண்டிக்கடை தாண்டினால் மூக்கு சில்லிடும்.

எங்கள் பள்ளியில் புரொஜெக்டருக்கென்று ஒரு கம்பளி உண்டு.
ஈரம் அதன் கண்ணுக்கு ஆகாது.
காலையில் போர்வை விலக்கி அதை எழுப்புவது பூவிழி.
அந்த வேலையை அவள் யாருக்கும் விட்டுத் தந்ததில்லை.

திரை கிடையாது, சுவர்தான்.
சுவரின் நடுவில் ஆமை அளவுக்கு ஓர் ஈரக்கறை.
இந்திய வரைபடம் போட்டால் நாக்பூர் பக்கம் ஓர் ஏரி.
இதயம் போட்டால் கீழறையில் ஓட்டை.
பரீட்சையில் தீர்த்தகிரி அந்த ஏரியையும் வரைந்திருந்தான்.
அரை மதிப்பெண் குறைத்தேன்.
குறைத்திருக்க வேண்டாம்.

அன்றைக்குப் பாடம் அவரை விதை.
தோல் வெடித்து, வேர் இறங்கி,
முதுகு வளைத்து மண்ணை முட்டி
இரண்டு இலை விரித்து நின்றது,
எட்டே விநாடியில்.
வகுப்பு கைதட்டியது.
மாதேஸ்வரி மட்டும் தட்டவில்லை.

"எங்க கொல்லையில பதினோரு நாளாச்சு டீச்சர்.
இந்த அவரைக்கு என்ன அவசரம்?"

மணிக்கு நான்கு படம் எடுத்து
அடுக்கி ஓட்டுகிறார்கள் என்று சொன்னேன்.

"அப்ப ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவுல நடந்ததெல்லாம்
எங்க போச்சு?"

மணி அடித்துவிட்டது. நல்லவேளை.

மார்ச் கடைசியில் ஒரு மழை.
மழை பெய்த ஒன்பதாம் நாள் காபி பூக்கும் என்பது
எனக்குத்தான் தெரியாது, வகுப்புக்குத் தெரியும்.
நாமே எடுப்போம் என்றார்கள்.
என் பழைய போனில் இடமில்லை.
அஸ்தம்பட்டியில் பார்த்துப் பார்த்து வாடகை கட்டாத
பதினேழு வீடுகளின் படங்களை அழித்தேன்.
பிஸ்கட் டின்னுக்குள் போன், டின்னைச் சுற்றிச் சணல்,
மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரத்தில் கட்டு.
சார்ஜர் வயர் சத்துணவுக்கூட ஜன்னல் வழியே போனது.

நான்காம் நாள் சுவரில் ஓட்டினோம்.
பனி.
பனி.
ஏதோ ஒரு ஆட்டின் காது.
தீர்த்தகிரியின் தோள் (காவல் நின்றானாம்).
மெழுகுத்திரி நுனிபோல மொட்டுகள்.
கறுப்பு.
கறுப்பு.
கறுப்பு.
வெள்ளை.

கிளை முழுக்கப் பூ, கறை மேலும் பூ.
பூத்த பொழுது மட்டும் படத்தில் இல்லை.
"பின்னால போங்க டீச்சர்."
வெள்ளை. கறுப்பு.
மாதேஸ்வரி எழுந்துபோய்
அந்தக் கடைசிக் கறுப்பின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.
"இதுக்குள்ளதான் இருக்கு."

மறுநாள் மூன்று பேர் தூங்கி வழிந்தார்கள்.
கீழ்ச்சரிவில் ஒரு செடி பிந்தியிருந்ததாம்,
விடியக்காலம் மூன்றரைக்கே டார்ச்சோடு போய்விட்டார்களாம்.
காட்டெருமை வந்தா என்னடி செய்வீங்க என்று கத்தினேன்.
கத்தி முடித்த பிறகு, மெதுவாக,
பார்த்தீங்களா என்று கேட்டேன்.

"டார்ச்ச அணைச்சிட்டோம். கூச்சப்படும்னு பூவிழி சொன்னா.
வாசனைதான் முதல்ல வருது டீச்சர்.
பூ அப்புறம்."

இதை எந்த ஃபைலில் சேமிப்பது?

மாலையில் ஆப்பில் படிவம்.
'இன்று வகுப்பில் தொழில்நுட்பம் பயன்படுத்தப்பட்டதா?'
ஆம். இல்லை.
இரண்டு வட்டங்கள், நடுவில் எதுவும் எழுத இடமில்லை.
ஆம் என்று தொட்டேன்.
சிக்னலுக்குப் பாறைமேல் ஏறி
பஸ் வரும்வரை கையை உயர்த்தி நின்றேன்.

மூன்றாம் நாளே சரிவெல்லாம் பூ பழுத்து உதிர்ந்துவிட்டது.
என் 'ஆம்'
இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.