வேக்ஸ் காயும் நேரம்

முதலில் பானெட் ஆற வேண்டும்.
தேவனஹள்ளிக்கு மூன்று முறை போய்வந்த இரவு
இன்னும் அதன் வயிற்றில் கொதிக்கிறது.
உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறேன்.
இன்னும் பத்து நிமிடம்.

லிங்கராஜபுரத்தில் ஆறு மணி.
வாட்டர் ஃபில்டர் கழித்துத் துப்பிய தண்ணீர்
இரண்டு பக்கெட், வாரம் முழுக்கச் சேர்த்தது.
குடிக்கிற தண்ணீரில் வண்டி கழுவினால்
அபராதம் என்றார்கள் ஒரு கோடையில்.
இந்தக் கோடையில் யாரும் சொல்லவில்லை.
தண்ணீரும் வரவில்லை.

தூங்குமூஞ்சி மரத்தடிதான் என் பார்க்கிங்.
இரவெல்லாம் பிசின் சொட்டும்.
காக்கைகள் தம் பங்கைப் போடும்.
மழைக்கு முன்னே ஒரு பூச்சு போட்டுடுங்க,
மூணு மாசம் தாங்கும் என்றான்
டப்பா விற்ற பையன்.
அறுநூற்றைம்பது. பேரத்துக்கு மசியவில்லை.

எல்லோரும் வெள்ளை வாங்கு என்றபோது
கருநீலம்தான் என்று நின்றவள் நான்.
ஏர்போர்ட்டில் அத்தனை வெள்ளைக்கு நடுவே
"அந்த நீலமா?" என்று கேட்டுக்கொண்டே ஏறுவார்கள்.
ஆனால் கருநீலம் எதையும் மறைக்காது:
தூசியை, உப்புத் தண்ணீர்த் திட்டை,
வலப்பக்கம் அந்தக் கோட்டை.

எட்டு மாதம் முன்பு ஒரு காலை
முன்கதவில் தொடங்கி
பின்கதவின் ஓரம் வரை இழுத்திருந்தது.
யார் என்று நான் யாரையும் கேட்கவில்லை.
கேட்க என்ன இருக்கிறது?
கீழ்வீட்டு நஞ்சேகௌடருக்கும் எனக்கும்
இந்த மரத்தடிக்குத் தகராறு.
அன்றிலிருந்து அவர் தலையசைத்தால்
ரிவர்ஸ் எடுப்பவள்போலத் திரும்பிக்கொள்வேன்.

பஞ்சில் விரல்நுனி அளவு போதும்.
அதிகம் வைத்தால் துடைத்தே கை போகும்.
வட்டமாக வேண்டாம்; நேராக,
ஓடும்போது காற்று தடவுகிற திசையில்.
பூசிய இடம் கலங்கி வெளுக்கிறது,
மழைநாளில் ஏசி வேண்டாம் என்ற சவாரியின்
கண்ணாடிபோல.
விரலால் ஒரு இழுப்பு.
பிசுக்கில்லாமல் வந்தால் காய்ந்துவிட்டது.

துடைத்தேன்.
நீலம் எழுந்தது, மரத்தோடு, கிளைகளோடு,
கலைந்த தலையோடு நானும்.
கோட்டுக்குள் மட்டும் வேக்ஸ் தங்கிவிட்டது,
சாக்பீஸ்போல வெள்ளையாக.

அப்போதுதான் அதை முழுசாகப் பார்த்தேன்.
என் இடுப்புக்கும் கீழே ஓடுகிறது.
நஞ்சேகௌடர் ஆறடி.
கைப்பிடிக்கு நேரே ஒரு தடுமாற்றம்.
முடிவில், வெறும் சிராய்ப்பு என்று
இத்தனை நாள் நினைத்த இடத்தில்,
மேலே வாய் திறந்த ஒரு வட்டம்,
அதன் தலையில் ஒரு டிக்.

எங்கள் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும்
கன்னட எழுத்து அட்டையில்
பால் எடுக்கும்போதெல்லாம் பார்க்கிற எழுத்து.
ர.
ரயானுடைய ர.
ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த புதிது அப்போது.

மேலே தூங்குகிறான்,
ஒரு காலைத் தலையணைமேல் போட்டு.

பல்குத்தும் குச்சியால் சுரண்டினால்
வெள்ளை வந்துவிடும்.
சுரண்டவில்லை.

கேட் சத்தம்.
கையில் பால் பாக்கெட்டோடு நஞ்சேகௌடர்.
வழக்கம்போல் தலையசைத்தார்,
வழக்கம்போல் பதிலுக்கு நிற்காமல் நடந்தார்.
"சார்."
எட்டு மாதத்தில் முதல் சொல்.
நின்றார்.

கன்னடத்தில் தொடங்கித் தமிழில் இடறினேன்.
மன்னிக்கச் சொல்கிற சொல்
இரண்டு மொழியிலும் அக்கம்பக்கத்து வீடுதான்.
அது வரவில்லை. வந்தது இது:
"வேக்ஸ் மிச்சம் இருக்கு.
உங்க பைக்குக்கும் போட்டுவிடட்டுமா?"

தன் பைக்கைப் பார்த்தார். என் வண்டியை.
பிறகு கோட்டை, இடமிருந்து வலமாக, மெதுவாக.
கடைசியில் அவர் உதடு
ஒரே ஒரு எழுத்துக்கு அசைந்தது.
"நம்மது மேட் ஃபினிஷ், அம்மா,
அதுக்கு வேக்ஸ் ஆகாது" என்றார்.
சிரித்தாரா தெரியவில்லை.
மீசை பெரிது.

ஃபோனில் புக்கிங் விழுந்தது.
ஹெப்பாள். எட்டு நிமிடம்.
இடப்பக்கம் இன்னும் தொடவே இல்லை.
டப்பாவை மூடி சீட்டுக்கு அடியில் தள்ளி
ஒரு பக்கம் மட்டும் மின்னுகிற வண்டியை
அவர் பைக்கை உரசாமல்
வெளியே எடுக்கிறேன்.
"வா, வா, இன்னும் வா" என்று
பால் பாக்கெட்டை ஆட்டுகிறார்.