உலக நகரம் வெட்ஸ் மதுரை

வாடகைக்குப் போனது நாலு பெட்டி, ரெண்டு மைக்.
ஒன்று மேடைக்கு. அது ஓயவே இல்லை.
இன்னொன்றைக் கையில் வைத்துக்கொண்டு
கை தூக்குகிறவர்களிடம்
நான் ஓட வேண்டும்.

தல்லாகுளத்தில் ஒரு கல்யாண மண்டபம்.
முந்தாநாள் பன்னீர் இன்னும் கம்பளத்தில்.
மணமக்கள் பெயரைப் பிடுங்கிவிட்டு
அதே பலகையில் தெர்மாகோல் எழுத்து ஒட்டியிருந்தார்கள்:
இந்தப் பக்கம் ‘உலக நகரம்’
அந்தப் பக்கம் ‘மதுரை’.
நடுவில் இருந்த ‘வெட்ஸ்’ஸை
எடுக்க மறந்துவிட்டார்கள்.

வல்லுநர் படம் காட்டினார்.
ஓர் ஆறு. இரு கரையிலும் விளக்கு. ஆற்றில் தண்ணீர்.
‘இது எந்த ஊருப்பா?’
பின்வரிசையில் யாரோ கேட்டது
மைக் இல்லாமலே மேடைவரை போனது.

கருத்துச் சொல்ல ஆளுக்கு ரெண்டு நிமிடம்.

செல்லூர் முத்திருளாயி எழுந்தார்.
‘லண்டன்லயும் மழை பெய்யும்ல சார்?
அங்கன கம்மாத் தண்ணி அடுப்படிக்குள்ள வருமா, வராதா?
வராதுன்னா எனக்குச் சம்மதம்.
எழுதிக்கங்க.’

கீழவாசல் ஜவுளிக்கடை குபேந்திரன்
வேட்டியைச் சரிசெய்துகொண்டு ஆரம்பித்தார்.
‘ஆத்து மணல்ல ரோமாபுரிக் காசு கிடைச்ச ஊருங்க இது.
அவனா வந்தான், முத்து வாங்குனான், மிளகு வாங்குனான்.
அன்னைக்கி நாம யாரைப் பாத்துத் தலை வாருனோம்?’
கைதட்டல். பக்கத்திலிருந்த மகன்
சட்டையைப் பிடித்து இழுத்தான்:
‘அப்பா, பார்க்கிங் கேளுங்கப்பா.’

வடபழஞ்சியில் ராத்திரி வேலை பார்க்கும் பெண்.
ஜாஸ்லின் என்று அட்டையில் இருந்தது.
‘ஒகையோல ஒருத்தருக்கு மூட்டு விலகுனா
பதினொரு மணிக்கெல்லாம் எனக்குத் தெரிஞ்சுடும்.
அவங்க ஆஸ்பத்திரி பில்லு என் கைலதான்.
உலகம் எனக்கு வந்துருச்சு சார்.
நான் வீடு போகத்தான்
பஸ் வரல.’

பிறகு ஒருவர். விமான நிலையத்துக்கு அந்தப் பக்கம்,
ஓடுதளம் நீள்வதற்கு நிலம் கொடுத்தவராம்.
பெயர் சொல்லவில்லை. மைக்கை வாங்கினார்.
வாயருகே வைத்தபடியே நின்றார்.
நாலு பெட்டியிலும் அவர் மூச்சு.
ஏறியது. இறங்கியது.
மின்விசிறிச் சத்தத்துக்கு மேலே
ஒரு மண்டபம் முழுக்க
ஒரே ஆளின் மூச்சு.
ரெண்டு நிமிடம் ஆனதும்
துண்டில் மைக்கைத் துடைத்துக் கொடுத்தார்.
குறிப்பெடுத்தவர் எழுதியதைப் பார்த்தேன்:
‘கருத்து இல்லை.’

மைக் பிடிக்கிறவனிடம் யாரும் கேட்பதில்லை.
கேட்டிருந்தால்
என் அக்கா குவைத்தில் சமையல் வேலை என்பேன்.
அம்மா போன அன்று
டிக்கெட் திருவனந்தபுரத்துக்குத்தான் கிடைத்தது,
அங்கிருந்து வேன்.
கயத்தாறு சுங்கச்சாவடியில்
சில்லறைக்காக அவள் வண்டி நின்ற நேரம்
தத்தனேரியில் நான் கொள்ளி வைத்துவிட்டுத்
திரும்பிப் பார்க்காமல் நடந்துகொண்டிருந்தேன்.
ஒரு நாள்.
அந்த ஒரே ஒரு நாள்
இந்த ஊர் உலக நகரமாக இருந்திருக்கலாம்.

அவள் இறங்கியிருக்க வேண்டிய ஓடுதளம்
யார் வயல் என்று
இன்று சாயங்காலம்தான் எனக்குத் தெரியும்.
துண்டால் துடைத்தும்
மைக் ஈரமாகவே இருந்தது.

ஏழரைக்கு நன்றியுரை. சமோசா. டீ ஆறியிருந்தது.
‘பில் பாஸாக மூணு மாசம் ஆகும் தம்பி,
பெரிய திட்டம்ல.’
வயரைச் சுற்றித் தோளில் போட்டேன்.

மண்டபத்துப் பையன் ஏணியோடு வந்தான்.
‘உலக நகர’த்தைப் பிடுங்கிச் சாக்கில் போட்டான்.
‘மதுரை’யை எடுக்கும்போது
துணைக்கால் உடைந்தது. பசை இருக்கிறது என்றான்.
நடுவில் இருந்ததை மட்டும் தொடவில்லை.

‘அது கெடக்கட்டும்ணே.
நாளைக்கும் ஒரு கல்யாணம் இருக்கு.’