டோக்கன் நம்பர் 1173

சந்தியாகு முதலில் வீசியது பந்தல்ல,
பாபின்.
ஸ்பின்னிங் ஷெட்டின் ஒரு கோடியிலிருந்து
தரையில் ஒரே ஒரு தடவை குத்தி
மறுகோடிக் கூடைக்குள் விழுந்தது.
அபராதம் போட வந்த டங்கன் துரை
இன்னொன்றை எடுத்து அவன் கையில் கொடுத்து
'மறுபடி போடு' என்றார்.
ஐம்பத்தொன்று, ஆடி மாசம்.
நான் டைம் ஆபீஸ் கிளார்க்;
சனிக்கிழமை மதியத்துக்கு மேல் ஸ்கோரர்.
இரண்டு புத்தகத்திலும் அவன் பெயரை எழுதியது
இந்தக் கைதான்.

பந்துப் படி மாசம் நாலு ரூபாய்.
ஷூ மில் கொடுத்தது, அளவு துரையுடையது.
நுனியில் பஞ்சடைத்துப் போட்டுக்கொண்டான்.
பஞ்சுக்கா பஞ்சம்.

அரசரடி மைதானத்தில் கயிற்றுப் பாய் விரித்து
சுற்றிலும் ஆணி அறைவார்கள்.
தெற்கு மூலை ஆணி எப்போதும் தளரும்,
பாய் அங்கே லேசாகச் சுருங்கும்.
காலணா அகலம் இருக்குமா அந்தச் சுருக்கம்?
ஓவருக்கு இரண்டு தடவை அதன்மேல் குத்துவான்.
பந்து படமெடுத்து உள்ளே வரும்.
வக்கீல்கள் அணி ஆட்சேபணை எழுப்பியது.
அம்பயர் குனிந்து பார்த்தார், ஆணியை மிதித்தார்,
ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போனார்.
முப்பத்தோரு ரன்னுக்கு எட்டு, அன்றைக்கு.
அப்புறம் திண்டுக்கல்காரர்களும் விருதுநகர்க்காரர்களும்
'சந்தியாகு போடுறானா?' என்று விசாரித்துவிட்டுத்தான்
டாஸுக்கே வந்தார்கள்.

ஐம்பத்தாறில் மதராஸிலிருந்து கடிதம்.
லீவு போட்டுவிட்டு நானும் கூடப் போனேன்.
அங்கே பாய் இல்லை.
புல்.
குனிந்து உள்ளங்கையால் தடவினான்,
ஜவுளிக்கடையில் விலை கேட்கத் தயங்குகிறவன் போல.
இருபத்திரண்டு ஓவர். விக்கெட் இல்லை.
பந்து குத்திய இடத்தில் சற்று யோசித்துவிட்டு
மட்டைக்குப் போய்ச் சேர்ந்தது.
ராத்திரி ரயில். விழுப்புரத்தில் டீ வாங்கிக் கொடுத்தேன்.
'அது மெத்தைண்ணே. படுக்கலாம்.'
வேறெதுவும் பேசவில்லை. கொடை ரோடு வரை
விரல்களை மடக்கி மடக்கி நீட்டிக்கொண்டிருந்தான்.
திங்கட்கிழமை முதல் ஷிப்டுக்கு ஏழு நிமிஷம் தாமதம்.
அரைநாள் வெட்டினேன்.
ரூல் அப்படி.

இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு.
ஐம்பத்தெட்டு மாசியில் ரயில்வேயோடு ஆட்டம்.
இரண்டரை மணிச் சங்கு ஊதியது.
பழக்கதோஷம், தலை மில் பக்கம் திரும்பிவிட்டது.
மறுபடி பார்க்கையில் ஸ்டம்பு சாய்ந்து கிடக்கிறது,
எல்லோரும் ஓடிக்கொண்டிருக்கிறார்கள்.
ரன் அவுட் என்று எழுதினேன்.
மட்டைக்காரனின் குதிகால்தான் ஸ்டம்பில் பட்டதாம்.
அப்படியென்றால் அது போட்டவன் கணக்கு.
எனக்குத் தெரியவந்தபோது மை காய்ந்திருந்தது,
மேனேஜர் கையெழுத்தும் ஆகியிருந்தது.
அவன் கேட்கவில்லை.
நானாகவும் சொல்லவில்லை.

அறுபதில் தோள் போயிற்று.
இரண்டு வருஷம் நாலே எட்டு நடந்து வந்து
சுழற்பந்து போட்டுப் பார்த்தான்.
திருப்பரங்குன்றத்துப் பள்ளிக்கூடப் பையன் ஒருத்தன்,
அரும்புமீசை,
அடுத்தடுத்து மூன்றைத் தண்டவாளத்துக்கு அப்பால் அடித்தான்.
மூன்றாவதை எடுத்துவர சந்தியாகுவே போனான்.
ஒரு கூட்ஸ் வண்டி குறுக்கே வந்தது.
அது கடந்து முடிகிறவரை
அவனுக்கு அந்தப் பக்கம் என்ன வேலை இருந்ததோ.

அந்த மாசத்தோடு பந்துப் படி நின்றது.
ப்ளோ ரூமுக்கு மாற்றினார்கள்.

கணக்கு முடிக்க வந்தபோது குரலில் பஞ்சிருந்தது.
ஃபாரத்தில் 'தொழில் திறன்' என்று ஒரு கட்டம்.
ப்ளோ ரூம்காரர்களுக்கு 'இல்லை' என்று போடுவது வழக்கம்.
போட்டேன்.
போட்டுவிட்டு, தலையைத் தூக்காமல் கேட்டேன்:
'மொத்தம் எத்தனை விக்கெட்டுன்னு ஞாபகம் இருக்கா?'
நானூற்றுப் பதினொன்று என்கிறது என் புத்தகம்.
இருமி முடித்தான்.
கையெழுத்துப் போட்டான், புள்ளி வைத்தான்.
'பன்னெண்டு' என்றான்,
நானூறை விட்டுவிட்டு.