மூன்றாவது பழம்

லாங்கு பஜார் முனையில்
தள்ளுவண்டிக்காரர் தஸ்தகீர் பாய் கத்துகிறார்:
'அமுக்காதக்கா, காம்பாண்ட மோந்து பாரு.'
நாற்பத்தோரு வயதில் முதல் முறையாக
ஒரு பப்பாளியை மோந்து பார்க்கிறேன்.
லேசாக வாந்தி வாடை.
அதற்கடியில், பாகு முற்றுவதற்குச் சற்று முன்
வெல்லத்திலிருந்து வருமே, அது.

முழுக்கச் சிவந்தது இன்றைக்கே ஆக வேண்டுமாம்.
பாதி மஞ்சள், பாதி பச்சை என்றால் இரண்டு நாள் தாங்குமாம்.
எனக்கு அவசரமில்லை.
தராசில் ஒன்றேகால் கிலோ.
'சின்னதா தரட்டா?'
'வேணாம். அதையே போடு.'

கல்யாணமான மறுநாளிலிருந்து
எங்கள் வாசற்படி ஏறாத பழம்.
சாக்கடையோரம் தானாய் முளைத்த கன்றை
மாமியார் வேரோடு பிடுங்கினாள்.
ஒடிந்த இடத்தில் பால் வழிந்தது.
சூடு என்றார்கள். கலைந்துவிடும் என்றார்கள்.
கலைய ஒன்றுமே இல்லாத மாதங்களிலும்
ஜாக்கிரதையாய் இருந்தேன்.
ஷூ கம்பெனி கேன்டீனில் வெள்ளிக்கிழமைதோறும்
தட்டோரம் இரண்டு துண்டு வைப்பார்கள்.
அப்படியே தமயந்தி பக்கம் தள்ளிவிடுவேன்.
பதினாறு வருஷம்.
தமயந்திக்கு மூன்று பிள்ளைகள்.

ஆவணியில் எடுத்துவிட்டார்கள்.
கட்டியோடு சேர்த்து ஒன்றேகால் கிலோ என்றாள் டாக்டரம்மா,
நல்ல சேதி சொல்கிற குரலில்.
பக்கத்துக் கட்டிலில் ஷெஃபாலி,
மால்டாவிலிருந்து ரயிலேறி வந்தவள்.
அவள் புருஷன் லாட்ஜில் ஒற்றை அடுப்பு வைத்து
பப்பாளிக்காயைக் குழம்பாக்கித் தூக்கில் கொண்டுவருவான்.
'பேப்பே' என்று எனக்கும் ஒரு கிண்ணம் நீட்டினாள்.
அவர்கள் ஊரில் படுத்தவர்களுக்கு அதுதான் கொடுப்பார்களாம்.
நான் வயிற்றைத் தொட்டுக்காட்டிக் கையை ஆட்டினேன்.
அவளும் தன் வயிற்றைத் தொட்டு
அதே மாதிரி கையை ஆட்டினாள்.
சிரிப்பு வந்துவிட்டது.
இரண்டு பேருக்கும் தையல் இழுத்தது.
அப்போதும் நான் சாப்பிடவில்லை.

பழத்தைப் பேப்பரில் சுற்றி அரிசி டின்னுக்குள் வைத்தேன்.
ஏகாம்பரம் சாயங்காலம் மூடியைத் திறந்தார்,
பார்த்தார்,
மூடினார்.

செவ்வாய்க்கிழமை நீளவாக்கில் அரிந்தேன்.
கேன்டீன் துண்டுகளை மட்டுமே பார்த்தவள் நான்.
இத்தனை விதை இருக்குமென்று தெரியாது.
கறுப்பாய், ஈரமாய்,
ஒவ்வொன்றும் தனக்கென ஒரு மெல்லிய பைக்குள்.
கத்தியைக் கீழே வைத்துவிட்டு
சும்மா நின்றிருந்தேன், குக்கர் இரண்டு விசில் விடும்வரை.
பிறகு ஸ்பூனால் சுரண்டினேன்.
அந்தச் சத்தம் பிடிக்கவில்லை.
பழமும் பிடிக்கவில்லை.
கெட்டுப்போன வெண்ணெயில் சர்க்கரை போட்டதுபோல.
இதற்கா பதினாறு வருஷம்?

'எலுமிச்சம் புழிஞ்சியா?' என்றார் பாய்.
'உப்பு? ஐஸ் பொட்டில வச்சியா?
வெட்டிட்டு அப்படியே துன்னா அப்படித்தான் கீது.
காம்புப் பக்கம் கசக்கும், ரெண்டு விரல் தள்ளி அரி.
தோலை ஒட்டின பச்சைய உட்டுரு.'
இரண்டாவது பழத்தில் பாதியை
எதிர்வீட்டு ஆட்டுக்குப் போட்டேன்.
மீதிப் பாதியில், கடைசித் துண்டில்,
உப்பும் மிளகாய்த்தூளும் சரியாய் விழுந்த ஒரு மூலையில்
என்னவோ இருந்தது.

மூன்றாவதை அரியும்போது அவர் பக்கத்தில் வந்து நின்றார்.
'குடு' என்று கத்தியை வாங்கினார்.
ஒரே இழுப்பு. ஸ்பூனைக் கவிழ்த்துப் பிடித்து
மொத்த விதையையும் ஒரே சுற்றில் வழித்தெடுத்தார்.
பத்துத் தடவை செய்த கை இல்லை அது.
'எங்க கத்துகினீங்க?'
'காட்பாடி டேஷனாண்ட. டூட்டி முடிஞ்சி வரும்போது.'
'எத்தனை வருஷமா?'
அவர் எலுமிச்சை மூடியை என் பக்கம் நகர்த்தினார்.
நான் பிழிந்தேன், கை வலிக்கும் அளவுக்கு.
ஃபேன் சுற்றியும் வியர்த்தது. வெளியே வேலூர் வெயில்.
பழம் ஜில்லென்று, நாக்கில் வைத்ததும் கரைந்து,
புளித்து, உறைத்து, இனித்தது.

'நல்லாகீதா?' என்றார்.
பதில் சொல்லாமல்
அவர் பங்கில் பெரிய துண்டாய்ப் பார்த்து எடுத்துக்கொண்டேன்.