அறுபத்தொன்று

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் கூட்டம்.
ஷூ கம்பெனியில் அரைநாள் சொல்லிவிட்டு வந்தேன்.
அரைநாள் என்றால் அரைக்கூலி மட்டும் போகாது,
அந்த வாரத்து இன்சென்டிவும் சேர்ந்து போகும்.

உறுப்பினர் இருபது பேர். வந்தவர் ஒன்பது.
மூன்றாம் வகுப்புக் குட்டி பெஞ்சுகளில்
முழங்காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்தோம்.
குடியாத்தத்து வெயில் ஓட்டிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது.
சுற்றியது ஒரே ஃபேன்.
அதன் கீழே வார்டு மெம்பர் ஏகாம்பரம், எப்போதும்போல.

தலைமையாசிரியை ஒவ்வொன்றாய்ப் படித்தார்.
பெண்பிள்ளைகள் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள்.
காலைச் சிற்றுண்டி உப்புமாவில் கட்டி.
மோர்தானா நிரம்பி ஊருக்குள் தண்ணீர் வந்த வருஷம்
பாதி சாய்ந்த சுவரின் மீதிப் பாதி.
சுவருக்காக இது நான்காவது தீர்மானம்.
சாய்ந்தபடி நிற்க அதுவும் பழகிவிட்டது,
எழுதியபடி இருக்க நாங்களும்.

நல்ல செய்தி ஒன்று:
நசீமாவின் மகளுக்கு ஓவியத்தில்
மாவட்ட அளவில் இரண்டாம் பரிசு.
கைதட்டினோம்.
வரைந்தது கௌண்டன்ய ஆறு, இரு கரை தொட்டுத் தண்ணீர்.
"அதை எங்க பாத்துது கொழந்த?" என்றார் ஏகாம்பரம்.
"எங்க வூட்டு அடுப்பங்கரையில" என்றாள் நசீமா.

கடைசிப் பொருள், எண்ணிக்கை.
ஆகஸ்ட் முதல் தேதியில் தலை எண்ணுவார்கள்.
அறுபத்தொன்று இருந்தால் மூன்று டீச்சர்.
இருப்பது ஐம்பத்தெட்டு.
அப்படியென்றால் ஒருவர் உபரி.

உபரி.
மூன்று எழுத்து. சுற்றறிக்கையில் இருந்ததால்
உரக்கவே படிக்க வேண்டியிருந்தது.
கமலவேணி டீச்சர் ஜன்னலைப் பார்த்தார்.
ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஒன்றுமில்லை,
கொட்டிவைத்த மணலும் அதில் தூங்கும் நாயும்தான்.

கோழிப்பண்ணைக்கு வந்த ஒடிசாக் குடும்பத்தில்
இரண்டு பிள்ளைகள் சும்மா இருக்கிறார்கள்,
நான் பேசி அழைத்து வருகிறேன் என்றார் முனிரத்தினம்.
பாஷை? என்று யாரோ கேட்டார்கள்.
"கணக்குக்கு வேண்டியது தலை. பாஷை பின்னாடியே வரும்."
அறுபது.

கரும்பலகையில் தலைமையாசிரியை அறுபது என்று எழுதி
சாக்பீஸைக் கீழே வைக்காமல் நின்றார்.

துலுக்காணம்தான் சொன்னாள்,
பீடி இலை வெட்டிக் கறுத்த விரலைப் பார்த்தபடி,
சிரிக்காமல், குரல் உயர்த்தாமல்:
"தலைவர் வூட்ல ஒண்ணு கீதே."

ஃபேன் சத்தம் அதுவரை எனக்குக் கேட்டதில்லை.

மகளை இங்கே சேர்த்திருப்பதால் நான் தலைவர்.
மகனை எங்கே சேர்த்தாய் என்று
எந்தப் படிவத்திலும் ஒரு கட்டம் இல்லை.
அவன் ஒன்றாம் வகுப்பு. மஞ்சள் வேனில் போகிறான்.
எலாஸ்டிக் வைத்த டை.
சாயங்காலம் வீட்டு வாசலில் நின்று
"மே ஐ கம் இன்?" என்பான்.
அவன் அப்பா அரிசி மூட்டை இறக்கிய தோளோடு
"கம் இன், கம் இன்" என்பார்.
நாளில் அவர் சிரிக்கும் நேரம் அது.
முதல் டேர்ம் ஏழாயிரம் கட்டியாயிற்று.
ரசீது அரிசி டப்பாவுக்குள் இருக்கிறது.

யாரும் மேலே கேட்கவில்லை.
டீயும் பட்டர் பிஸ்கட்டும் வந்தது.
தீர்மானங்கள் ஒருமனதாக நிறைவேறின என்று எழுதி
என் பக்கம் நோட்டைத் திருப்பினார்கள்.
போட்டேன்.
முதல் எழுத்தில் பேனா கொஞ்சம் நின்றது, அவ்வளவுதான்.

அன்று ராத்திரி மகள் வாய்ப்பாடு எழுதிக்கொண்டே கேட்டாள்:
"தம்பி இங்க வந்தா கமலா டீச்சர் இருப்பாங்களாமே?"
யார் சொன்னது என்று கேட்டேன்.
எல்லாரும்தான், என்றாள். ஏழாம் வாய்ப்பாட்டுக்குப் போனாள்.

திங்கட்கிழமை, ஏழு ஐம்பது.
கம்பெனியில் நாளைக்கு நானூறு ஜோடிக்குச்
சோல் ஒட்டுகிறவள் நான்.
அவன் ஒரு காலில் மாட்டிவிட்டேன்.
மற்றது என் கையில் இருக்கிறது.
வேன் ஹார்ன் அடிக்கிறது, இரண்டாம் தடவை.