இடப்பக்கம்

டுலூத்தில் பிப்ரவரி.
ஏரி இறுகிவிட்டது, கப்பல் வராது,
கப்பல் வராவிட்டால் வெய்க்கோவுக்கு வேலை கிடையாது.
மீசையில் பனியோடு வந்து
சாப்பாட்டு மேசைமேல் ஒரு பெட்டியை வைத்தான்.
ரொட்டித் துண்டு இரண்டின் கனம்,
விலை எண்பத்தொன்பது டாலர்.
"இனிமேல் டிவி ஸ்டீரியோ."
எங்கள் டிவி பேசுவதே பெரிது என்று
நான் நினைத்துக்கொண்டிருந்த காலம் அது.

பத்தொன்பது அங்குலம், பதினோரு வயது,
சேனல் குமிழ் உடைந்து
குறடு போட்டுத் திருப்புகிறோம்.
அதன் முதுகில் ஒரு கம்பியை நாடாவால் ஒட்டினான்,
நாடி பார்ப்பவன்போல மெல்ல நகர்த்தி நகர்த்தி.
அங்கிருந்து பெட்டிக்கு.
பெட்டியிலிருந்து சிவப்பும் வெள்ளையும்
சோபாவைச் சுற்றி, கம்பளத்துக்கு அடியில்,
அறுபத்தெட்டில் வாங்கிய ஆம்ப்ளிஃபையருக்கு.

முதலில் ஒரே ங்ங்ங்.
தேன்கூட்டைக் குடிவைத்த மாதிரி.
அரைமணி நேரம் கெட்ட வார்த்தை, ஃபின்னிஷில்.
பிறகு பிளக்கைத் திருப்பிச் செருகினான்.
அவ்வளவுதான்.
அமைதி எவ்வளவு அகலமாக இருந்தது தெரியுமா!

"எந்தப் பக்கம் கேட்குது?"
"இடது."
"இப்ப?"
"வலது."
"நிச்சயமா?"
என்னைத்தான் கேட்க வேண்டும்.
இரும்புத்தாதுத் துறையில் இருபத்தாறு வருஷம்,
ரயில்பெட்டி அடிவயிறு திறந்து கொட்டும் சத்தத்துக்கு
இடது காதைக் கொடுத்துவிட்டு வந்தவன் அவன்.
இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட
அவனுக்கு வழியில்லை.
சொன்னதெல்லாம் உள்ளேயே கிடக்கும்,
எழுபத்திரண்டில் என் தங்கை சொன்னதுகூட.

சனிக்கிழமை ஹாக்கி.
சறுக்குக் கத்திகள் இடமிருந்து வலமாகப் போக
நான் தலையைத் திருப்பிவிட்டேன், நம்புங்கள்,
ஜன்னல் பக்கம் யாரோ போகிறார்கள் என்று.
வெய்க்கோ என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.
ஆட்டத்தைப் பார்க்கவில்லை.

மார்ச் மாதம் ஒருநாள்
தேவாலய சமையலறையில் பாத்திரம் தேய்த்துவிட்டுச்
சீக்கிரம் திரும்பினேன்.
கதவுக் கண்ணாடி வழியே, அவன்.
செய்தி ஓடுகிறது.
என் காலடி கேட்டதும் எழுந்து
ஆம்ப்ளிஃபையரில் எதையோ தட்டிவிட்டு உட்கார்ந்தான்.
திருடன் மாதிரி. தன் வீட்டில்.

அவன் தூங்கியபின் போய்ப் பார்த்தேன்.
மோனோ, ஸ்டீரியோ என்று ஒரு சின்னக் குச்சி.
மோனோ பக்கம் மட்டும்
விரல் பட்டுப் பட்டு எழுத்து மங்கியிருந்தது.

அப்போதுதான் கணக்கு புரிந்தது.
முன்பு ஒரே ஸ்பீக்கர், எல்லாம் அதில்,
எல்லாம் அவன் வலது காதில்.
இப்போது பாதி உலகம் இடப்பக்கம் போய்விட்டது.
தலையைச் சுற்றிக்கொண்டு
இளைத்துப் போய் வந்துசேர்கிறது அவனிடம்.
நகைச்சுவைக்கு அவன் ஒரு நொடி
தாமதமாகச் சிரித்தது அதனால்தான்.
எண்பத்தொன்பது டாலர் கொடுத்துத்
தன் செவிட்டையே வாங்கி வந்து
எனக்காக வயர் இழுத்திருக்கிறான், மடையன்.

நான் ஒன்றும் கேட்கவில்லை.
கேட்டால் மறுநாளே பெட்டி கடைக்குத் திரும்பும்.
செவ்வாய்க்கிழமை அவன் முடிவெட்டப் போன நேரம்
அவன் நாற்காலியை இடது ஸ்பீக்கர் தாண்டி
சுவரோரம் தள்ளினேன்.
பக்கவாட்டில் போட்டேன்,
வலது காது அறையைப் பார்க்க.

"ஏன் இங்கே?"
"ஹீட்டர் துணியைக் கருக்குது."
சந்தேகமாக உட்கார்ந்தான்.
கழுத்தைத் திருப்பித்தான் படம் பார்க்க வேண்டும்,
ஜாமீனில் வந்தவன் நீதிபதியைப் பார்ப்பதுபோல.
விளம்பரத்தில் ஒரு நாய் குரைத்தது,
இடது மூலையில்.
கையிலிருந்த காபியைக் கீழே வைத்தான்.

"இந்த வயர் கொஞ்சம் நீளம் பத்தாது," என்றான்
சற்றுப் பொறுத்து.
"நாளைக்கு ஆறடி வாங்கணும்."