நூலில்லாத வரிசை

துர்க்கு நகரில் மூன்று மணிக்கே இருட்டு.
விளக்கைத் தோளுக்கு மேல் வளைத்துவைத்து
அங்குலத்துக்குப் பன்னிரண்டு தையல்.
பட்டின் நிறம் பழுத்த பேரிக்காய்த் தோல் என்கிறாள் இர்மெலி.
எனக்கென்னவோ
மழைக்கு முந்தைய அவுரா ஆறு.

பகலில் நான் கால்நடை மருத்துவமனையில் செவிலி.
நேற்று ஒரு பூனையின் வயிற்றை மூடினோம்.
அங்கே நூல் தானாய்க் கரைந்துவிடும்,
ரோமம் வளர்ந்ததும் தோலும் மறந்துவிடும்.
பட்டு அப்படியில்லை.
ஊசி ஒருமுறை போன வழி
போன வழிதான்.

அருங்காட்சியக நிலவறையில்
எனக்குக் கொடுத்தது இரண்டு மணி நேரம்,
கையுறை, காகித நாடா, ஒரு பென்சில்.
காப்பாளர் ஹெல்லெவி எதிரே உட்கார்ந்து
என் மூச்சைக்கூடத் தள்ளி விடச் சொன்னாள்.

ஆயிரத்து எழுநூற்று எண்பதுகளின் கவுன்.
அட்டையில் 'வணிகர் வீடு' என்று மட்டும்.
உடுத்தியவள் யார், தைத்தவள் யார்,
இரண்டு கட்டமும் காலி.

உட்புறம் திருப்பினேன்.
வெளியே சீமாட்டி, உள்ளே அவசரக்காரி.
அக்குளில் துணி போதாமல்
குறுக்காக ஓர் ஒட்டு.
கோடு கோட்டோடு சேரவில்லை,
சேர்க்கப் பார்த்ததாகவும் தெரியவில்லை.
கையைத் தூக்கினால்தானே,
எவள் தூக்கப்போகிறாள் என்று விட்டிருக்கிறாள்.
அவளை எனக்குப் பிடித்துப்போயிற்று.

அப்புறம்தான் பார்த்தேன், துளைகளை.
இடுப்புத் தையலைத் தாண்டி
நூலில்லாமல் ஒரு வரிசை.
விரற்கடை தள்ளி இன்னொன்று.
அதற்கும் தள்ளி, ஓரம் பிய்யும் இடத்தில்,
மூன்றாவது.

பிரித்துவிட்டிருக்கிறாள்.
மாதம் ஏற ஏற
மறுபடி பிரித்துவிட்டிருக்கிறாள்.
பிறகு
ஒரேயடியாக உள்ளே பிடித்திருக்கிறாள்,
முதல் அளவையும் தாண்டி.
அந்தக் கடைசித் தையலுக்கு நூல் வேறு,
மெழுகு பூசாதது.

குழந்தை இருந்ததா என்று
துளை சொல்லாது.
'நேரமாயிற்று' என்றாள் ஹெல்லெவி.

கோடை நடனத்துக்கு இர்மெலி உடுத்தப்போவது இது.
அச்சு அசலாய் வேண்டுமாம்.
ஒட்டுப் போட்டாயிற்று, கோடு சேராமலே.
நகல் என்றால் எதுவரை நகல்?

யோசனையில் கட்டைவிரலைக் குத்திக்கொண்டேன்.
அவரவர் ரத்தத்துக்கு அவரவர் எச்சில் என்பார்கள்.
நாவில் நனைத்த நூலால் ஒற்றி எடுத்தேன்.
பாதி போயிற்று.

ஊசியிலிருந்து நூலை உருவினேன்.
இழுத்துப் பிடித்த பட்டில்
வெறும் ஊசி இறங்கும்போது
சின்னதாய் ஒரு சத்தம் வருகிறது,
பல்லிடுக்கில் பெர்ரி விதை நொறுங்குகிற மாதிரி.
முதல் வரிசை அறுபத்தொன்று.
இரண்டாவதில் எண்ணிக்கை தவறிவிட்டது.

மூன்றாவதில் இருக்கும்போது இர்மெலியின் அழைப்பு.
'தைத்து முடித்தாயிற்றா?'
'பிரித்துக்கொண்டிருக்கிறேன்.'
'ஐயோ, எதை?'

ஊசியை உதட்டில் கவ்விக்கொண்டேன்,
பதில் சொல்ல முடியாதபடி.